பூரான் உருவமும் என் புழுப் பண்ணையும்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத மாணிக்கராஜ் ஆகிய நான்தான் சங்கரன்கோவிலில் முதன்முதலாகப் புழுப் பண்ணை வைத்தவன். மறுக்கிறவர்கள் என் முன்னால் வந்து மறுக்கட்டும். பாதி வயதைத் தறிச் சத்தத்தில் கழித்தவனுக்கு, சத்தமே போடாமல் வேலை செய்யும் புழுவைப் பிடிக்காமல் போகுமா? மார்க்கெட்டில் கொட்டும் அழுகல் காய்கறியைத் தின்று கொழுக்கும். கோழிக்கும் மீனுக்கும் அதுவே தீவனம். இந்தப் புழு வளர்ந்து ஈயாகும்; கருப்புச் சிப்பாய் ஈ என்று அந்த ஈக்குப் பெயர். யாரும் கற்றுத்தரவில்லை, எல்லாம் செல்போனில் பார்த்துச் சொந்த மூளையால் செய்தது.

புழு என்றதும் ஊரே கதவைச் சாத்தியது. தன் வீட்டுச் சுவரை ஒட்டிக் கொட்டகை போட இடம் கொடுத்தது பக்கத்து வீட்டுச் சுப்புலட்சுமி மட்டும்தான்.

ஐப்பசி மழையில் தொட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. நனைந்தால் இந்தப் புழு தங்காது, சுவரேறி வெளியே வந்துவிடும். விடிந்து பார்த்தால் படை முழுக்க அவள் அடுப்படியில் நிற்கிறது.

"அண்ணாச்சி! சிப்பாய்னா எல்லையில நிக்கணும். என் மாவுச்சட்டியில என்ன சோலி?"

"கடிக்காதும்மா. அம்புட்டும் சத்து."

"அப்ப நீங்களே தின்னுங்க! இப்பவே கோவில்ல உருவம் வாங்கிப் போடப்போறேன். அதுக்கும் இந்தச் சனியன் போகலைன்னா கொட்டகையைக் காலி பண்ணிருங்க."

பாம்பு, தேள் தொல்லை தீர, அவற்றின் உருவத்தைத் தகட்டில் வாங்கி உண்டியலில் போடுவது எங்கள் ஊர் வழக்கம். நான் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன். ஆனாலும் கூடவே போனேன். என் புழுவின் தலையெழுத்தை நான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

உருவம் விற்கும் மூக்காண்டி தட்டைக் கிளறினான். "பாம்பு, தேளு, பல்லி, பூரான் எல்லாம் இருக்கு. புழு வாரதில்லையேக்கா."

"பூரானைக் குடு. காலைக் கழிச்சுட்டுப் பாத்தா புழுதான? சாமிக்குத் தெரியாதாக்கும்!"

போட்டுவிட்டுத் திரும்பினோம். அடுப்படியில் ஒரு புழு இல்லை. திறந்து கிடந்த கதவு வழியாக அவள் கோழிகள் நுழைந்து துடைத்து வைத்திருந்தன. அவளோ, "பாத்தீங்களா சாமியை!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து அந்தக் கோழிகள் குருணையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொழுதுக்கும் என் கொட்டகை வாசலில் தவம். கடைசியில் சுப்புலட்சுமியே கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"புழு போகணும்னு சாமிகிட்ட கேட்டுட்டு, இப்ப உங்ககிட்ட எப்படிக் கை நீட்ட?"

"ஏம்மா, நீ போட்டது என்ன உருவம்?"

"பூரான்."

"வீட்டுல பூரான் இருக்கா?"

"ஒண்ணுகூட இல்ல."

"அப்ப வேண்டுதல் பலிச்சிருச்சு. என் புழுவுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

முந்தானையை விலக்கினாள். பிறகு கிண்ணத்தை வெளியே எடுத்தாள். "கும்பாரமாப் போடுங்க."

கருப்புக் கோட்டு போட்டவன்கூட இப்படி வாதாடியிருக்க மாட்டான். கொட்டகை இன்றும் அதே இடத்தில்தான் நிற்கிறது.

அடுத்த மழைக்கு முன்னால் தொட்டிகளைத் தார்ப்பாயால் மூடிக் கட்டிக்கொண்டிருந்தேன். சுவருக்கு மேலே அவள் தலை தெரிந்தது.

"அண்ணாச்சி, எங்க பக்கத்து ஓரத்தை மட்டும் கட்டாம விடுங்க."