முந்திக்கொண்ட வாழ்த்து

எம்.ஏ. தமிழ் சேர்ந்தபோது எனக்கு வயது நாற்பத்தாறு. மற்றவர்களுக்கெல்லாம் இருபத்தொன்று, இருபத்திரண்டு. முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் வாத்தியார் என்று நினைத்து மொத்த வகுப்பும் எழுந்து நின்றது. நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பாம்பனிலிருந்து வந்த பையன் திரும்பிப் பார்த்து, "சித்தப்பா, நீங்களும் நம்ம செட்டா?" என்றான். அதிலிருந்து இரண்டு வருடம் நான் எல்லாருக்கும் சித்தப்பா. பேராசிரியர்கூட ஒருமுறை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. ஐஸ் கம்பெனி, துபாய், இன்சூரன்ஸ் ஏஜெண்டு என்று காற்று தள்ளிய பக்கமெல்லாம் போய்விட்டு, கடைசியில் ராமநாதபுரத்தில் ஒரு பிளெக்ஸ் கடையில் உட்கார்ந்தேன். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் வாசகம் எழுதுவது என் வேலை. காலையில் அழவைப்பேன், மத்தியானம் வாழ்த்துவேன். இடையில் ஒருநாள், ஜன்னல் வழியாக வந்த உப்புக்காற்று முகத்தில் அடித்தபோது, இன்னும் ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது. போய்க் கல்லூரியில் விண்ணப்பம் வாங்கினேன். காலையில் வகுப்பு, மாலையில் கடை.

படிப்பு முடிந்த அன்று பாம்பன்காரன் எங்கள் வாட்ஸ்அப் குழுவின் பெயரை மாற்றினான். 'முதுகலைத் தமிழ்' என்று இருந்தது 'இப்ப என்ன பண்றீக?' என்று ஆனது.

"இனிமே கல்யாண வீட்டுல, பஸ்ஸுல, சலூன்ல எல்லாரும் இதத்தான் கேப்பாக. நம்மளே முந்திக் கேட்டுக்கிருவோம்" என்றான்.

மாதம் ஒருமுறை எல்லாரும் பதில் போட வேண்டும். சும்மா இருப்பவர் சும்மா இருப்பதாகச் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் குழுவை விட்டுத் தூக்கிவிடுவான். இதுதான் சட்டம்.

முதல் மாதம் அவனே ஆரம்பித்தான். "இலக்கணம் படிச்ச கையால நண்டு நிறுத்துக்கிட்டு இருக்கேன். ஏற்றுமதிக் கம்பெனி. ஆண்பால் தனி, பெண்பால் தனி. படிச்சது ஒதவுது." கூடவே ஒரு படம். நீலக்கால் நண்டுகளுக்கு நடுவில் ரப்பர் செருப்போடு அவன் நின்றிருந்தான்.

வகுப்பே தங்கச்சி என்று கூப்பிட்ட பெரியபட்டினத்துப் பிள்ளை நிக்காஹ் முடிந்து சார்ஜா போயிருந்தாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறாள். அவளிடமிருந்து எப்போதும் குரல்பதிவுதான் வரும். "அல்ஹம்துலில்லாஹ், நாலு புள்ளைக சேந்துருக்கு. ஒண்ணு 'ழ' சொல்லுது. மத்த மூணும் என் நாக்கப் பாத்துச் சிரிக்குது."

நான் எழுதினேன்: "அதே கடை. அதே நாற்காலி. வாசகத்தில் பிழை குறைந்திருக்கிறது."

நயினார்கோவிலுக்குப் பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி. எங்கள் வகுப்பில் குறைவாகப் பேசியவள், நன்றாகப் படித்தவள். அவளுடைய அய்யா அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்பவர். விளைச்சலில் பங்கு தருவதாகப் பேசி ஒரு துண்டு நிலத்தை வாரத்துக்கு எடுத்து மிளகாயும் போடுவார். அவளுடைய பதில் எல்லா மாதமும் ஒன்றுதான்: "தனியார் ஸ்கூல்ல வேலை. சாயங்காலம் பரீட்சைக்குப் படிக்கிறேன்."

ஐப்பசியில் முதல் மழை இறங்கிய வாரம், அவள் அரசாங்கப் பரீட்சைப் பட்டியலில் ஒரு பக்கத்தை அனுப்பினாள். எண்களுக்கு நடுவில் ஒரு எண்ணுக்கு மட்டும் மஞ்சள் பூசியிருந்தது. "என் நம்பர் வந்திருக்கு." அவ்வளவுதான் எழுதியிருந்தாள். நண்டுக் கம்பெனியிலிருந்து பன்னிரண்டு பட்டாசுப் படம் வந்தது. சார்ஜாவிலிருந்து ஒரு குலவைச் சத்தம் வந்தது, பாதியில் சிரிப்பாக உடைந்தது.

அன்று சாயங்காலமே அவள் ஊர் இளைஞர்கள் மூன்று பேர் ஒரே வண்டியில் நனைந்துகொண்டு கடைக்கு வந்தார்கள்.

"அண்ணே, பேனரு பத்தடிக்கு எட்டடி. காலைல பஸ் ஸ்டாப்புல கட்டணும். எங்க ஊர்ல மொத கவர்மெண்டு வேலைண்ணே!"

"கீழ எங்க பயலுக பதினோரு பேரு மூஞ்சியையும் வட்டத்துல போட்டுருங்க."

"என் மூஞ்சிய மட்டும் கொஞ்சம் வெளுப்பாக்கிருங்கண்ணே."

நடுவில் அவளுடைய கல்லூரி அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி வைத்தேன். பிறகு விரல்கள் தாமாக ஓடின.

'கண்மாய்க் கரையில் படித்த கண்ணே
கவர்மெண்டு நாற்காலியில் அமரும் பெண்ணே'

எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். தெரிந்த பிள்ளைக்கு எழுதியது அதுதான் முதல் தடவை. கைபேசி பக்கத்திலேயே கிடந்தது. அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. சந்தோஷத்துக்குப் பொறுமை ஏது?

மறுநாள் காலையில் அவளே கூப்பிட்டாள்.

"சித்தப்பா, அந்த வாசகம் நீங்க எழுதுனதா?"

"ஆமாத்தா. எப்படி இருக்கு?"

 பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

"வேலை இன்னும் கெடைக்கல சித்தப்பா. அது சர்டிபிகேட் சரிபாக்கக் கூப்புட்டவுக லிஸ்டு. இருக்குற எடத்த விடக் கூடுதலாத்தான் ஆளு கூப்புடுவாக. அப்பறம் மெட்ராசுல கவுன்சிலிங். ராங்குப்படி ஒவ்வொருத்தரா எடம் எடுப்பாக. நான் கடைசிப் பக்கத்துல நிக்கிறேன். எனக்கு முன்னாடியே தீந்துருச்சுன்னா ஒண்ணுமில்ல."

 கையிலிருந்த வேலையை முடித்து, மத்தியானம் கடையிலிருந்த கட்டர் கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு நயினார்கோவில் பஸ் ஏறினேன். வழியெல்லாம் கருவேலங்காடு மழையில் கறுத்து நின்றது. கண்மாய்களில் வண்டல் நிறத்தில் புதுத் தண்ணீர். எல்லாம் அழகாகத்தான் இருந்தது, பார்க்க எனக்குக் கண் இல்லை.

பஸ் ஸ்டாப்பில் அவள் எட்டடி உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை எடுத்ததும் அந்த வெளுத்த மூஞ்சிக்காரன் ஓடிவந்தான்.

"அண்ணே, என்ன பண்றீக? எழவு வீட்டுக்குக் கட்டுன பேனரே பதினாறாம் நாள் வரைக்கும் கெடக்கும். இது நல்ல காரியம்ணே!"

"வேலை இன்னும் கெடைக்கலப்பா."

"அதான் லிஸ்டுல நம்பர் வந்துருச்சுல்ல? நம்பர் வந்தவுகளுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பாக?"

அவனுக்கு ராங்கு, கவுன்சிலிங் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே பள்ளிக்கூட வேலை முடிந்து அவள் வந்து இறங்கினாள். என் கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள்.

"அறுக்காதீக சித்தப்பா."

அவனை டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"எங்கய்யா வேல பாக்குற நெலத்துக்காரரு இருக்காருல்ல, நேத்து வரைக்கும் 'ஏலே, இங்கன வாடா'ன்னுதான் கூப்புடுவாரு. எங்கய்யாவுக்கு அவர விட வயசு கூட. இன்னைக்குக் காலைல பேனரப் பாத்துட்டு வண்டிய நிப்பாட்டி, 'வாங்க, டீ சாப்புடுங்க'ன்னாராம். எங்கய்யா பின்னாடி திரும்பிப் பாத்துருக்காரு, வேற யாரையோ சொல்றாருன்னு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சரித்தா, கவுன்சிலிங்ல எடம் தீந்து போச்சுன்னா?"

"திரும்ப 'வாடா'வாகிப் போகும். முன்னாடி அது பழகிருச்சு. ஒருதடவ 'வாங்க'ன்னு காதுல கேட்டதுக்கப்பறம் பழகாது." துப்பட்டாவால் மழையைத் துடைத்துக்கொண்டாள். "தெரியிற வரைக்கும் கெடக்கட்டும்."

அன்று அவள் குழுவில் எழுதினாள்: "வேலை கெடைக்கல. பேனர் மட்டும் கெடச்சிருக்கு." சட்டப்படி நானும் என் பங்கை ஒப்புக்கொண்டேன். பாம்பன்காரன் முதலில் பேனர் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். பிறகு, "சித்தப்பா, ஒங்களுக்கு எம்.ஏ. குடுத்தது யாரு?" என்று கேட்டிருந்தான்.

அதற்குப் பிறகு வேலை வாழ்த்து என்று யார் கடைக்கு வந்தாலும் "வேலைக்கான ஆர்டர் காப்பி இருக்கா?" என்று கேட்டேன். "பேனரு போட ஆர்டர் கேக்குற ஒரே ஆளு நீங்கதாய்யா" என்று ஒருவர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் கணினியைப் பார்த்தேன்.

மழைக்காலம் பேனரைத் தின்றது. கார்த்திகையில் வலது மூலை கிழிந்தது. மார்கழிப் பனியில் பதினோரு வட்டங்களும் வெளிறின. எல்லாருமே வெளுப்பாகிவிட்டார்கள். அவள் சிரிப்பு மட்டும் நின்றது. தை போய், மாசி பிறந்து, மிளகாய்ப் பழம் சிவந்ததும் அவளுடைய அய்யாவே போய்ப் பேனரை அவிழ்த்துக் கொண்டுவந்து களத்தில் விரித்துவிட்டார். "தார்ப்பாய் கிழிஞ்சு போச்சு தம்பி, பழம் மண்ணுல கெடக்குது" என்று போனில் சொன்னார். குரலில் வருத்தம் இருந்த மாதிரித் தெரியவில்லை. ஆனால் அவள் வேறொன்று சொன்னாள்.

"பேனர அவுத்ததுலருந்து நெலத்துக்காரரு 'வாங்க'வும் சொல்றதில்ல, 'வாடா'வும் சொல்றதில்ல. 'இந்தா, அந்த மம்பட்டிய எடு'ன்னு மொட்டையாப் பேசுறாரு. அவரும் கவுன்சிலிங்குக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காரு போல."

பங்குனியில் கவுன்சிலிங். அவளும் அய்யாவும் மெட்ராசுக்கு ரயிலேறினார்கள். அன்று அவள் போனை அவரிடம் கொடுத்துவிட்டுக் கவுன்சிலிங் நடக்கும் கட்டடத்துக்குள் போய்விட்டாள். வாசலில் உட்கார்ந்திருந்த அய்யா அதிலிருந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"தம்பி, எத்தன எடம் மிச்சம்னு டிவில போடுறாக. எனக்கு வாசிக்கத் தெரியாதுல்ல, பக்கத்துல ஒரு புள்ளைய வச்சிருக்கேன், அது சொல்லுது. கொறஞ்சுக்கிட்டே வருதாம்."

நான் குழுவில் போட்டேன்: குறைந்துகொண்டே வருகிறதாம்.

"தம்பி, நம்ம ஜில்லா தீந்துபோச்சாம். மதுரையும் போச்சு."

குழுவில் போட்டேன். அன்று ஒரு கண்ணீர் அஞ்சலியில் இறந்தவருக்கு 'வாழ்க பல்லாண்டு' என்று அடித்துவிட்டு, நல்லவேளை, அச்சுக்குப் போகுமுன் பார்த்தேன். சார்ஜாவில் வகுப்பை நிறுத்திவிட்டுத் தங்கச்சி துஆ ஓதி வேண்டிக்கொண்டிருந்தாள். பாம்பன்காரன் "இன்னைக்கு நண்டெல்லாம் தப்புத் தப்பா நிறுக்கிறேன்" என்று எழுதினான். பிறகு இரண்டு மணி நேரம் அய்யாவிடமிருந்து போன் இல்லை. எழுந்து கடைக்கு வெளியே போனேன், உள்ளே வந்தேன், மறுபடி வெளியே போனேன்.

மூன்று மணிக்கு அவள் குரல்.

"சித்தப்பா, கெடச்சிருச்சு. இளநிலை உதவியாளர். நீலகிரி."

"நீலகிரியா!"

"அதுதான் மிச்சம் இருந்துச்சு. எனக்கப்பறம் கொஞ்சப்பேருதான் உள்ள போனாக. கதவ மூடிட்டாக." மூச்சு வாங்கினாள். "சித்தப்பா, ஸ்வெட்டர் எங்கன கெடைக்கும்?"

ராமநாதபுரத்தில் பிறந்த எவருக்கும் அதற்குப் பதில் தெரியாது. குழுவில் கேட்டேன். பாம்பன்காரன், "ஏத்தா, நம்ம ஊரு வெயில ஒரு மூட்ட கட்டிக்கிட்டுப் போ" என்றான். சார்ஜாவிலிருந்து வந்த பதிவில் "மாஷா அல்லாஹ்" மட்டும் தெளிவாக இருந்தது. மீதி மூக்குறிஞ்சல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்குப் போனேன். பஸ் ஸ்டாப்பில் அந்த மூன்று பேரும் இருந்தார்கள்.

"தம்பிகளா, இந்தத் தடவை நெசம். புதுசா ஒண்ணு போடுவோம். காசு வேணாம், என் பொறுப்பு."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எதுக்குண்ணே? அதான் அப்பவே போட்டாச்சுல்ல?"

"ஒரே வேலைக்கு ரெண்டு பேனரா? பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான்ணே."

நான் ஐந்து மாதம் தவித்துக் கிடந்த விஷயம் அந்த ஊரில் நடக்கவே இல்லை. அவர்களைப் பொறுத்தவரை அந்தப் பிள்ளைக்கு ஐப்பசியிலேயே வேலை கிடைத்தாகிவிட்டது. கிளம்பத்தான் தாமதம்.

களத்தில் அய்யா குத்துக்காலிட்டு மிளகாயைக் கிண்டிக்கொண்டிருந்தார். குண்டு குண்டாக, கண்ணைக் குத்தும் சிவப்பு. நானும் பக்கத்தில் உட்கார்ந்து கையால் புரட்டினேன். நெடி ஏறித் தும்மல் வந்தது. விலகிய மிளகாய்களுக்கு அடியில் 'நாற்காலியில் அமரும்' தெரிந்து, மறுபடி மூடிக்கொண்டது. களத்தை ஒட்டிய வீட்டு வாசலில் அவள் ஒரு பெட்டியை மூட முடியாமல் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

வண்டிச் சத்தம் கேட்டது. வெள்ளை வேட்டியோடு ஒருவர் வந்து களத்து ஓரத்தில் நிறுத்தினார். நிலத்துக்காரர் என்று சொல்லாமலே தெரிந்தது. அய்யாவின் கை, தோளில் கிடந்த துண்டை இறக்கப் பாதி வரை போயிற்று. அப்புறம் மிளகாய்க்கே திரும்பிவிட்டது. எழுந்திருக்கவில்லை.

"என்ன, புள்ளையக் கொண்டுபோயி விட எப்பக் கெளம்புறீக?" என்றார் வந்தவர்.

"வெள்ளிக்கெழம. அங்கன நிக்காதீக, நெடி அடிக்கும். அந்த வேப்பமரத்து நெழல்ல நில்லுங்க."

அவர் போய் நிழலில் நின்றார். குளிருக்கு எது நல்லது, அங்கே தங்க வீடு கிடைக்குமா என்று கொஞ்ச நேரம் விசாரித்தார். பிறகு, "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டிப் புழுதி அடங்கியதும் அய்யா என் பக்கம் திரும்பினார்.

"கெளம்புறீகன்னாரு. கேட்டீகளா தம்பி?"

"கேட்டேன்ணே."

"பேனரு கீழ கெடக்குது, மேல மொளகா. ஒரு எழுத்துந் தெரியல. அப்பயும் சொன்னாரு." மறுபடி கிண்டத் தொடங்கினார். "அந்த ஓரத்தையும் பெரட்டிவிடுங்க, அடிப்பழம் காயல."

என் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. இரண்டு கையிலும் மிளகாய்க் காரம், தொட முடியாது. அவள் பெட்டியை விட்டு இறங்கி வந்து எடுத்துப் பார்த்தாள்.

"பாம்பன்காரன்தான் சித்தப்பா. மாசம் பொறந்து ஒங்க பதில் இன்னும் வரலையாம். இப்ப என்ன பண்றீகன்னு கேக்குறான்."

"நீயே போடு."

அவள் அடித்துவிட்டு எனக்கு வாசித்துக் காட்டினாள்.

"மொளகா கிண்டுறாரு. தும்முறாரு. நல்லா இருக்காரு."