ஆவி எந்தத் துறை?

என் கணவரை நான் முதன்முதலாக "டேய்" என்று கூப்பிட்டது மதுரை கே.கே. நகர் வீட்டு ஹாலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாமனாரும் நாத்தனாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது. கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அடுக்களையில் கரண்டி ஒன்று கீழே விழுந்தது. உள்ளே இருந்தது என் மாமியார்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அந்த மத்தியானம் நான் மருமகள் இல்லை, சூனியக்காரி. அவர் மில்லில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர் இல்லை, ராஜா காலத்துக் கொல்லன். சூனியக்காரி ஒரு கொல்லனை "என்னங்க" என்றா கூப்பிடுவாள்?

எல்லாவற்றுக்கும் காரணம் என் நாத்தனார். காலேஜில் ஆங்கில இலக்கியம் இரண்டாம் வருஷம். அவளுக்கு இங்கிலாந்தில் ஒரு பேனா சிநேகிதி. அந்தப் பெண் ஒருநாள் தடிமனான கவர் ஒன்றை அனுப்பியிருந்தாள். உள்ளே ஏதோ ஒரு விளையாட்டின் விதிகள், ஜெராக்ஸ் எடுத்த தாள்களாக. கோட்டை, குதிரை, வாள், மந்திரம் என்று பழங்காலத்து உலகம். ஒருத்தர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, "நான் இப்ப இதச் செய்யறேன்" என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்று பகடை சொல்லும். அவ்வளவுதான் விளையாட்டு.

ஆயுதங்கள், கோட்டைகள், கருவிகள் பற்றிய பக்கங்கள் முழுசாக இருந்தன. மந்திரத்தைப் பற்றிய பக்கங்களை மட்டும் காணோம். அந்தப் பெண் வைக்க மறந்தாளோ, வழியில் எங்கே விழுந்ததோ தெரியாது. "பரவாயில்ல மதினி, மந்திரத்த நம்மளே செஞ்சுக்கலாம்" என்றாள் நாத்தனார், ஏதோ வடகம் செய்துகொள்ளலாம் என்பதுபோல.

தாளில் கேட்டிருந்த இருபது முகப் பகடைக்கு எங்கே போவது? என் சீர்வரிசையில் வந்த பித்தளைத் தாயக்கட்டை இருந்தது. டிராகன் என்று போட்டிருந்த இடத்திலெல்லாம் யாளி என்று எழுதிக்கொண்டோம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் அவள் ஒரு ராஜ்ஜியத்தை வரைந்தாள். நடுவில், வண்டியூர்த் தெப்பக்குளம் மாதிரியே, மைய மண்டபத்தோடு ஒரு பெரிய குளம். அதில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. இதற்கு அவள் கற்பனையே செய்யவில்லை. அந்த வருஷம் நிஜத் தெப்பக்குளத்துக்குள்ளேயே ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தக் குளத்த நெறைக்கணும். அதான் உங்க வேலை" என்றாள்.

என் கணவர் உடனே பென்சிலை எடுத்து ஒரு பாய்லரை வரைந்தார். அதற்கு ஒரு பிஸ்டன், ஒரு சக்கரம். ஆற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் நீராவி எந்திரம்.

"அண்ணே, இது ராஜா காலம்."

"இரும்பு இருக்குல்ல? செம்பு இருக்குல்ல? வெறகு இருக்குல்ல? அப்பறம் என்ன? தண்ணியக் கொதிக்க வச்சா ஆவி வரும். ராஜா காலமா கலெக்டர் காலமான்னு கேட்டுக்கிட்டா வரும்?"

நான், மேகத்தைக் கூப்பிடும் மந்திரம் போடப்போகிறேன் என்றேன். அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"மந்திரத்துல தண்ணி வரும்னா எவன் உக்காந்து மெஷின் செய்வான்? ரெண்டுல ஒண்ணுதான் இருக்கணும்."

எனக்குள் பிஎஸ்சி இயற்பியல் படித்த ஒருத்தியும், சமயநல்லூருக்கு அந்தப் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த ஒருத்தியும் இருந்தார்கள். இருவரும் சேர்ந்து எழுந்துகொண்டார்கள்.

"ஆயுத பூஜை அன்னைக்கு உங்க மில்லுல பேனல் போர்டுக்கு என்ன செஞ்சீங்க?"

"என்ன செஞ்சோம்?"

"சந்தனம் தெளிச்சு, குங்குமம் வச்சு, பூசணிக்கா ஒடச்சு, அதுக்கப்பறம்தான மெயின் சுவிட்ச்ச போட்டோம்னு சொன்னீங்க?"

"அது வழக்கம்."

"எங்கப்பா கெணத்துல மோட்டாரு மூணு நாளா ஓடல. ஒரு பக்கம் மெக்கானிக் ஃபியூஸ மாத்துறாரு, இன்னொரு பக்கம் எங்க சித்தப்பா துன்னூறு போடுறாரு. மோட்டாரு ஓடிருச்சு. யாரால ஓடுச்சுன்னு எங்க வீட்டுல இன்னும் சண்டை தீரல. இம்புட்டு பெரிய ஊர்ல ரெண்டும் இருக்கலாம், இந்தக் காலண்டர் தாள்ல இருக்கக் கூடாதாக்கும்?"

நாலு மாதத்தில் நான் அவரிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். அவர் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார்.

இந்த நேரத்தில்தான், ஈசிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் பேப்பரை மடித்தார். முப்பது வருஷம் தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வுபெற்றவர். "ராஜ்ஜியம்னா நிர்வாகம் வேணும்ல? கண்டவன் கண்டத செய்ய முடியுமா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து ராஜ்ஜியத்தில் எதுவும் அவர் அனுமதி இல்லாமல் நடக்கவில்லை. எந்திரத்துக்கு மனு, மந்திரத்துக்கு மனு.

என் கணவர் எழுதிக்கொடுத்த மனுவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"ஆவியால் இயங்கும் எந்திரம்னு எழுதியிருக்க. ஆவி எந்தத் துறை?"

"எந்திரத் துறைதாம்ப்பா."

"இல்ல மாமா" என்றேன் நான். "ஆவின்னா பேய். பேயி பிசாசு எல்லாம் சூனியக்காரி கையில இருக்கு. என்னையக் கேக்காம அவரு எப்படி அத பாய்லருக்குள்ள அடைக்கலாம்?"

நாத்தனார் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடிக்கப் போனாள். மாமனார் சிரிக்கவில்லை. கால்மணி நேரம் யோசித்தார். பிறகு மனுவின் ஓரத்தில் சாய்ந்த கையெழுத்தில் எழுதினார்: 'ஆவி இரு துறைக்கும் பொது. இரு தரப்பாரும் கலந்து செயல்படவும்.'

அப்போதுதான் கொல்லன், "சூனியக்காரி ஏதோ கண்ணக்கட்டி வித்தை காட்டுறா" என்று முணுமுணுத்தான். சூனியக்காரி எழுந்து நின்று, "டேய் கொல்லா! உன்னையச் சேவலா மாத்திப்புடுவேன்!" என்றாள். கரண்டி விழுந்தது.

மாமியார் நிலைப்படியில் வந்து நின்றார். முந்தானையில் கையைத் துடைத்தார். கணவர் மேல்விட்டத்தைப் பார்த்தார்.

"யாரு யாரச் சேவலாக்குறது?"

"வெளையாட்டும்மா" என்றாள் நாத்தனார்.

"உருமாற்றம் தற்காலிகமா, நிரந்தரமா?" என்று மாமனார் என்னிடம் கேட்டார், வெற்றுத் தாளை நீட்டியபடி. மாமியார் நாலு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். திட்டவில்லை. அது திட்டுவதைவிடப் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் நாத்தனார் மந்திரத்துக்கு விதி கொண்டுவந்தாள். இரண்டு துறைக்கும் சமமாக இருக்க வேண்டுமாம். கொல்லன் ஒரு எந்திரம் செய்தால், அது எப்படி ஓடும் என்று படம் போட்டு, மாமனாருக்குப் புரியும்வரை விளக்க வேண்டும். சூனியக்காரி ஒரு மந்திரம் போட்டால், அந்த ஹாலில் யாருக்கும் தெரியாத தன்னைப் பற்றிய ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மை பெரிசாக இருந்தால் மந்திரமும் பெரிசு.

"இது என்ன விதி?" என்றேன்.

"அங்க மந்திரப் பக்கம் இல்லைல மதினி. எனக்குத் தோணுனதுதான் விதி."

அவருக்குத்தான் கஷ்டமான பாதி என்று முதலில் நினைத்தேன். வால்வு என்றால் என்ன என்று மாமனாருக்கு விளக்கவே அவருக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. நானோ சின்னச் சின்ன உண்மைகளாக எடுத்து விட்டுக்கொண்டிருந்தேன். மாமா காபிக்கு இரண்டாம் டிகாஷன்தான் ஊற்றுகிறேன் என்று சொன்னேன். கோட்டைக் கதவு திறந்தது. கல்யாணப் புடவையின் கத்தரிப்பூ நிறம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்றேன். காவல் யாளி தூங்கிப்போனது. பெண் பார்க்க வந்த அன்று பாடத் தெரியாது என்று சொன்னது பொய், பாட இஷ்டமில்லை என்றேன். அதற்கு என் கணவர் ஒரு மணி நேரம் சேவலாக உட்கார்ந்திருந்தார். மாமனாருக்கு அன்றிலிருந்து முதல் டிகாஷன் காபி கிடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எந்திரம் தயாரானது. அனுமதி எல்லாம் கிடைத்துவிட்டது. கொல்லன் விறகு மூட்டினான்.

"பாய்லருக்குத் தண்ணி?" என்றாள் நாத்தனார்.

என் கணவர் படத்தையே பார்த்தார். தண்ணீர் இறைக்கும் எந்திரத்தை ஓட்டத் தண்ணீர் வேண்டும். எந்திரம் நின்றது குளக்கரையில்; குழாய் போய்ச் சேரும் ஆறு, குடத்தில் சுமந்துவர எட்டாத தூரத்தில் இருந்தது. ராஜ்ஜியத்துக் கிணறுகள் எல்லாம் வறண்டவை. மனிதர் அதை மறந்தே போய்விட்டார்.

"கலந்து செயல்படவும்னு அன்னைக்கே எழுதியிருக்கேன்" என்றார் மாமனார்.

கணவர் என் பக்கம் திரும்பினார். "நாலு குடம் தண்ணி போதும்" என்றார், சன்னமாக.

நாலு குடத்துக்கு ஒரு சின்ன உண்மை போதும். ஆனால் என்னிடம் சில்லறை தீர்ந்துவிட்டிருந்தது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். அதைச் சொல்வதா வேண்டாமா என்று நான் முடிவெடுத்ததாகவே ஞாபகம் இல்லை. வாய் சொல்லிவிட்டது.

"கல்யாணத்துக்கு முந்தி டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். இண்டர்வியூ கார்டு வந்திருக்கு. போன தடவ எங்கப்பா காய்கறிப் பையோட கொண்டாந்து குடுத்தாரு. பன்னெண்டு நாளா என் பெட்டியில இருக்கு. வர்ற புதன்கிழமை இண்டர்வியூ."

நான் தாயக்கட்டையைக் கையில் எடுத்தேன், வேறு என்ன செய்வது என்று தெரியாமல்.

"உருட்ட வேண்டாம் மதினி" என்றாள் நாத்தனார் மெதுவாக. "மழை பேஞ்சிருச்சு. குளம் நெறஞ்சு வழியுது."

"அப்ப என் இஞ்சின்?" என்றார் கணவர். அந்த நேரத்தில் அவருக்குக் கேட்கத் தோன்றியது அதுதான்.

"வயலுக்குத் தண்ணி ஏத்து" என்றார் மாமனார்.

அடுக்களையிலிருந்து மாமியார் வெளியே வந்தார். "பாச்சா உருண்டை போடலாம்னு பெட்டியத் தொறந்தேன். அன்னைக்கே பாத்துட்டேன். எனக்கு எங்க இங்கிலீசு தெரியும்? போஸ்ட்மேன்கிட்ட காட்டிக் கேட்டேன். வேலைக்குக் கூப்புட்டிருக்காகம்மான்னாரு. இவ என்னைக்குச் சொல்லுவா, என்னைக்குச் சொல்லுவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். யாத்தே, எம்புட்டு அழுத்தக்காரி!"

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது கணவர் பின்னாலேயே வந்தார். கொடியின் அந்தப் பக்கம் நின்றார். நடுவில் மாமனாரின் வேட்டி தொங்கியது.

"இது கொல்லன் கேக்கல, நான் கேக்குறேன். என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேணாம்னுருவீங்கன்னு நெனச்சேன்."

அவர் வேட்டியின் மறு ஓரத்தைப் பிடித்து நீவிவிட்டார்.

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார்.

"இப்ப?"

"இப்ப என்னத்தச் சொல்ல? அதான் மழை பேஞ்சிருச்சே."

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. வேட்டியை உருவினேன். அந்தப் பக்கம் அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் நின்றார். பொய்யாக ஒரு நல்ல பதில் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அந்த மனிதரை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

புதன்கிழமை அவரே ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எண்களைப் படிக்கச் சொல்லிக் குரலைக் கேட்டார்கள். வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று ஒரு அம்மா கேட்டார். "சூனியம்" என்று நுனிநாக்குவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "வீட்டு வேலைதான் மேடம்" என்றேன். இரண்டு மாதம் கழித்து ஆர்டர் வந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பலகைத் துளைகளில் ஒயர்களைச் சொருகி, மதுரையில் இருப்பவரைத் தூத்துக்குடியில் இருப்பவரோடு பேசவைக்கும் வேலை. அது எந்தத் துறை என்று மாமனார் கேட்டார். முகம் தெரியாத குரல்கள் என்பதால் ஆவியில் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

ஷிப்ட் முறை என்பதால் பல ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு வேலை இருந்தது. சூனியக்காரி இல்லாமல் விளையாட்டு நின்றுவிடும் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வீடு திரும்பியபோது, என் இடத்தில், கையில் தாயக்கட்டையோடு, மாமியார் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கோட்டைக்குள் இடுப்பளவு வெள்ளம் என்றாள் நாத்தனார். அம்மா வெளுத்து வாங்குகிறார்களாம்.

"அம்புட்டு உண்மை அத்தைகிட்ட இருந்துச்சா?" என்றேன்.

"தன்னோடத ஒண்ணு சொல்லல மதினி. எல்லாம் அடுத்தவுகளோடது. தெரு முழுக்க முடிச்சுட்டு வீட்டுக்குள்ள வந்துட்டாக. கடைசி மந்திரத்துக்கு, அண்ணன் காலேஜ் படிக்கையில யாருக்கோ எழுதுன லெட்டரச் சொல்லிட்டாக."

"ஆட்சேபணை பதிவு பண்ணியிருக்கேன்" என்றார் மாமனார்.

கணவர் பாய்லர் படத்துக்குள் முகத்தை வைத்திருந்தார். காது சிவந்திருந்தது. நான் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவருக்குப் பக்கத்தில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"எந்த லெட்டரு அத்தை? மொதல்ல இருந்து சொல்லுங்க."