நிழலுக்குக் குனிந்த கோடு

என் தங்கச்சியை அவள் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் 'இருட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். கறுப்புப் பெட்டியோடுதான் அவள் பிழைப்பு. "வெளிச்சம்னு கூப்பிட்டா மட்டும் கரண்ட் பில் கட்டிருவீங்களா?" என்று திருப்பிக் கொடுப்பாள்.

பெட்டிக்குள் நகத்தளவு ரசாயனப் பூச்சுக் கண்ணாடி, உப்புத் தண்ணீரில் முங்கி நிற்கும். விளக்கொளி பட்டால் துளி மின்சாரம் வரும். தண்ணீரில் டோபமைன் கலந்தால் அது கூடும், திரையில் கோடு ஏறும். டோபமைன் மூளையில் ஊறுவது. குறைந்தால் கை நடுங்கும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நான் தகரம் வெட்டுகிறவன். பெட்டி என் கைவேலை.

ஆய்வுக்குப் பணம் தருகிற இடத்திலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். கோடு சரியாக ஏறினால் தங்கச்சிக்கு வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் வீட்டுக்குத்தான். பெட்டியின் கதவுக் கீலைச் சரிபண்ணப் போன நானும் அங்கேயே ஒதுங்கி நின்றேன்.

பெட்டிமேல் எப்போதும் ஒரு கந்தல் போர்வை கிடக்கும். வருகிறவர் முன்னால் அசிங்கம் என்று அன்று அவளே அதை அலமாரியில் திணித்திருந்தாள்.

அவள் பெட்டியின் உள்விளக்கைப் போடவே இல்லை, அதற்குள் கோடு ஏறியது.

"அடேங்கப்பா!" என்றார் வந்தவர். கூடத்துத் தலைவியம்மாவுக்கும் மூச்சு வந்தது. தங்கச்சி முகம் மட்டும் வெளுத்தது.

வந்தவர் கிட்டப் போய்ப் பார்க்கக் குனிந்தார். கோடும் குனிந்தது. நிமிர்ந்தார், நிமிர்ந்தது.

"பேசாம இரு. வலிய வர்ற சீதேவியை உதைக்காதே" என்று அவள் காதைக் கடித்தேன்.

"சும்மா இருண்ணே." அவரிடம் திரும்பினாள். "ஐயா, அதுல டோபமைன் இன்னும் விடலை. பெட்டி இடுக்கு வழியா ரூம் வெளிச்சம் உள்ள போகுது. போர்வையை எடுத்தது நான்தான், என் தப்பு."

"அப்ப இது எதையும் கண்டுபிடிக்கலையா?"

"உங்க நிழலைக் கண்டுபிடிச்சிருக்குங்க."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. தலைவியம்மா முறைத்த முறைப்பில் என் தகரமே உருகியிருக்கும்.

தங்கச்சி போர்வையை இழுத்து வந்து மூடினாள். கோடு விழுந்து செத்த பாம்பாய்க் கிடந்தது. உள்விளக்கைப் போட்டாள், கொஞ்சம் எழுந்து நின்றது. குழாய் வழியே டோபமைன் ஒரு துளி விட்டாள்.

அசையவில்லை.

அவள் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவே இல்லை. பிறகு, மனசில்லாமல் எழுகிறவனைப் போல, கோடு இன்னும் ஒரு படி ஏறியது. முன்பு ஏறியதில் பாதிகூட இல்லை. விளக்கை அணைத்தாள், விழுந்தது. போட்டாள், அதே இடத்துக்கு வந்து நின்றது.

வந்தவர் மறுபடி குனிந்தார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். கோடு அவரைச் சட்டை பண்ணவில்லை.

"இன்னொரு துளி விடும்மா" என்றார். அதற்கும் ஏறியது. "தொடர்ந்து நடத்துங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கதவு சாத்தியதும் தலைவியம்மா அவள் பக்கம் விரலை நீட்டினார்.

"போர்வை இனிமே பெட்டியை விட்டு நகரக் கூடாது. நீயும்தான்."