யாரைத் தாண்டி வந்தீங்க?

ஏற்காட்டிலிருந்து வாழவந்திக்குப் போகும் சாலையில் ஓரத்து மரங்களை வெட்டும் வேலையில் ஒன்றரை மாதம் இருந்தேன். எண்பதுகளின் நடுவில், ஐப்பசி மழை விட்ட சமயம். அதற்கு முன் லாரியில் கிளீனர். அதற்கும் முன் சேலத்தில் ஒரு ஓட்டலில் மாவாட்டினேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு எந்த வேலையும் ஒன்றுதான். பிடிக்காவிட்டால் பஸ் ஏறிவிடுவேன். ஏற்காட்டில் ஒரு மரக்கடைக் கொட்டகையில் சாக்கை விரித்துப் படுத்தேன். காலையில் டீயும் பன்னும். மதியம் வேலையிடத்தில் யாராவது சோற்றில் பங்கு கொடுப்பார்கள்.

மழையில் மண் இளகி, சில்வர் ஓக் மரங்கள் பல சாலைப் பக்கம் சாய்ந்திருந்தன. தானாக விழுந்து பஸ்ஸை நசுக்குமுன் நாங்கள் அவற்றை வெட்டிச் சாய்க்க வேண்டும். ஒரு மேஸ்திரி, ரம்பம் இழுக்க இரண்டு பேர், வடம் பிடிக்க நான்கு பேர். சாலையை மறிக்க நானும் ஒரு அக்காவும். நான் மேல் வளைவில், அவர் கீழ் வளைவில். நடுவே மூன்று பர்லாங்கு தூரம். பனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

அக்கா கிளியூர்க்காரர். காபிப் பழம் பறித்தே தலை நரைத்தவர். சாலை மறிக்கும் முறையை ஏற்படுத்தியது மேஸ்திரி இல்லை, அவர்தான். முதலில் கீழே வண்டிகளை அவர் நிறுத்திவிடுவார். பிறகு என் பக்கம் நான் கயிறு கட்டுவேன். நான் கடைசியாக விடும் வண்டியில் சிவப்புத் துணி சுற்றிய ஒரு குச்சியைக் கொடுத்து, கயிறு கட்டியதற்கு அடையாளமாக விசில் ஊதுவேன். குச்சி கீழே அவர் கைக்குப் போனால், சாலை காலி என்று அர்த்தம். அவர் ஊதும் விசில் கேட்ட பிறகுதான் மரத்துக்குக் கடைசி அறுப்பு. அதுவரை எல்லாம் பாதி வெட்டு.

இவ்வளவுதான் முறை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று கீழ் வளைவுக்குக் கூப்பிடு தூரத்தில், பாலத்தை ஒட்டி நின்ற பெரிய மரம். பாலம் என்றால் ஓடைத் தண்ணீர் சாலையைக் கடக்கக் கட்டிய சின்னக் கல்பாலம். காலையிலிருந்தே தூறலும் பனியும். பதினோரு மணி இருக்கும், ஒரு வயதான ஆள் இரண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். தலையில் சாக்கைக் கொங்காடையாக மடித்துப் போட்டிருந்தார்.

"போலாங்களா?" என்றார்.

"போங்க, போங்க," என்றேன். கயிறு இன்னும் கட்டவில்லை. அவர் பனிக்குள் போனார். நானும் மறந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் டவுனிலிருந்து பஸ் வந்தது. கண்டக்டரிடம் குச்சியைக் கொடுத்து அனுப்பினேன். கயிறு கட்டினேன், விசில் ஊதினேன். அடுத்து வந்த விறகு லாரி கயிற்றுக்கு முன்னால் நின்றது. கீழே இருந்து விசில் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மேஸ்திரியின் சத்தம் மட்டும் கேட்டது. என்ன திட்டுகிறார் என்று புரியவில்லை, திட்டுகிறார் என்பது புரிந்தது.

கீழே நடந்ததை வடம் பிடித்தவர்கள் பிறகு சொன்னார்கள். பஸ் போய் நின்றதும் அக்கா குச்சியை வாங்கிக்கொண்டு கேட்டிருக்கிறார்:

"ஏனுங்க, வழியில யாரைத் தாண்டி வந்தீங்க?"

எந்த வண்டி வந்தாலும் அவர் கேட்கும் கேள்வி அது. எனக்குத்தான் அன்றுவரை தெரியாது.

"ஆட்டுக்காரரு ஒருத்தரு. பாலத்துக்கு அந்தாண்ட," என்றிருக்கிறார் கண்டக்டர்.

"ஆடு எத்தனைங்க?"

"ரெண்டு. ஏனுங்க, டிக்கெட் போடாம உட்டுட்டனா?"

பஸ்ஸே சிரித்ததாம். அக்கா சிரிக்கவில்லை. பஸ்ஸை அனுப்பிவிட்டு, விசிலை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றுவிட்டார்.

மேஸ்திரி அங்கே ஒரு தப்புப் பண்ணியிருந்தார். என் விசில் கேட்டது, பஸ்ஸும் கண்ணெதிரே போனது, காற்றும் கிளம்பிவிட்டது. இன்னொரு விசில் எங்கே போகப்போகிறது என்று கடைசி அறுப்பை ஆரம்பித்துவிட்டார். முக்கால்வாசி அறுத்தபின்தான் கீழே சத்தமில்லை என்பது உறைத்திருக்கிறது. ரம்பத்தை நிறுத்தினார். மரம் நாலு விரற்கடைக் கட்டையில் நின்றது. காற்று அசைத்தால் முனகியது.

"ஊதும்மா! மரம் நிக்காது!"

"ஒரு ஆளு வரோணுங்க. ரெண்டு ஆடும் வரோணும்."

"அந்தாளு எஸ்டேட் வழியா ஊடு போய்ச் சேந்திருப்பான்! வடத்துல நாலு பேரு தொங்கறாங்க, அவங்க உசுரு உசுரில்லியா?"

"அவங்க உசுரு உங்க கையில இருக்குதுங்க. வடத்தை மரத்துல கட்டிப்போட்டு அவங்களை எட்டப் போகச் சொல்லுங்க. ஆட்டுக்காரரு உசுரு என்ற கையில இருக்குது. நா ஊத மாட்டேன்."

"நாளைக்கு வேலைக்கு வராத!"

"நாளைக்கு வரலீங்க. இன்னைக்கு ஊத மாட்டேன்."

மேஸ்திரி வாய்க்கு வந்தபடி பேசினாலும் அவர் சொன்னதைத்தான் செய்தார். வடத்தை மரத்துக்குப் பின்னால் மேட்டில் இருந்த பலாமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டி, அறுத்த வாயில் ஆப்பு அடித்து, ஆட்களை விலக்கினார். ஒருவனை என்னிடம் ஓடவிட்டார்.

"யாரையாவது நடக்க உட்டியா?"

அப்போதுதான் எனக்குக் கொங்காடை நினைவுக்கு வந்தது. வண்டிகளை எண்ணியவன் காலில் நடப்பவரை எண்ணவில்லை. ஓடிவந்தவனையும் லாரி டிரைவரையும் கயிற்றுக்குக் காவல் வைத்துவிட்டுக் கீழே ஓடினேன்.

மரத்துக்குக் கீழே போகத்தான் வேண்டும், வேறு வழி கிடையாது. மேலே பார்க்காமல் நடந்தேன். பாலத்துக்கிட்டே சாலையில் புதிதாக ஆட்டுப் புழுக்கை கிடந்தது. அதற்கப்பால் இல்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் குனிந்து பார்த்தேன். பாலத்துக்கு அடியில், தண்ணீர் ஓடாத ஓரத்தில், அந்த ஆள் தூறலுக்கு ஒதுங்கி உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் இரண்டு ஆடு.

"வெளிய வாங்க! மரம் உழுவுது!"

கையைக் காதில் வைத்து, "என்னுங்க?" என்றார். காது கேட்காது. மேஸ்திரி போட்ட அத்தனை சத்தமும் அவரைப் பொறுத்தவரை ஓடைச் சத்தம்தான்.

சரிவில் இறங்கி ஒரு ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டேன். ஆட்டைத் திருடுகிறேன் என்று நினைத்து அவர் மற்றதை இழுத்துக்கொண்டு பின்னாலேயே திட்டியபடி ஓடிவந்தார். அது நல்லதாகப் போயிற்று. கீழ் வளைவில் அக்கா எங்களைப் பார்த்தார். முகம் மாறவில்லை. "ஒரு ஆளு, ரெண்டு ஆடு," என்றார். பிறகு என்னைக் காட்டி, "இது ஒண்ணு," என்று சேர்த்துக்கொண்டார். எனக்குப் பின்னால் இன்னும் யாராவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்புறம்தான் விசிலை எடுத்து ஊதினார்.

ஆப்பைத் தட்டி வடத்தை அவிழ்த்ததும் மரம் சாய்ந்தது. சாலை அதிர்ந்தது. போய்ப் பார்த்தபோது பாலத்தின் கைப்பிடிச் சுவர் இல்லை. கல் முழுவதும் அந்த ஆள் பீடி குடித்த இடத்தில் கிடந்தது.

ஆட்டுக்காரர் குனிந்து கல்லுக்கிடையே பார்த்தார். பிறகு, "என்ற கொங்காடை உள்ள கெடக்குதுங்களே," என்றார்.

மதியம் அக்கா என் கையில் ராகிக்களியைப் பிய்த்து வைத்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "பழம் பறிக்கறப்ப பனி எறங்குனா கணக்கெழுதற ரைட்டர் மூட்டையத்தான் எண்ணுவாரு, தம்பி. ஆளை நாங்கதான் எண்ணோணும். ஒருத்தி கொறஞ்சாலும் யாரும் ஊட்டுக்குப் போவ மாட்டோம்," என்றார். அவ்வளவுதான். மேஸ்திரி சற்றுத் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டார்.

மறுநாள் அக்கா வேலைக்கு வந்தார். யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு மேஸ்திரி, முந்தின சாயங்காலம் திரும்ப வாங்கி வைத்த விசிலைத் தானே கொண்டுபோய் அவரிடம் கொடுத்தார்.

அன்று நானும் கீழ் வளைவில் இருந்தேன். மேலே வேறு ஆள். பதினொன்றரைக்கு அதே பஸ் வந்தது. அக்கா கையைக்கூட நீட்டவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே குச்சியை நீட்டிக் கத்தினார்:

"நடந்து வர்றவங்க மூணு பேருங்க! ஒரு சைக்கிளு! ஒரு நாயி, அது யாருதுன்னு தெரியலீங்க!"

நாங்கள் நாய்க்கும் சேர்த்துக் காத்திருந்தோம்.