கட்டடத்துக்கு முன்பே ஓர் அழைப்பு

திருச்செங்கோட்டில் ஒரு போர்வெல் லாரிப் பட்டறை. மக்கள் தாமே தொடங்கும் சமூக முயற்சிகளுக்குக் கைகொடுக்க இங்கும் கென்யாவிலும் தேசிய மையங்கள் அமைக்கும் கூட்டுத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதற்காகக் கென்யாவிலிருந்து வந்திருக்கும் கிரேஸுக்கு நான் மொழிபெயர்க்கிறேன்.

எதிரில் சாந்தி, போர்வெல் தொழிலாளர் மனைவிகள் குழுவின் தலைவி. வெளிமாநிலத்தில் போர் போடப் போன ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால், பக்கத்தில் ஓடும் நம்மூர் போர்வெல் வண்டிக்குப் போன் போட்டு ஆள் அனுப்புவது இவர்கள் வழக்கம்.

"மையம் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்?" என்று கிரேஸ் கேட்கிறார்.

"எங்கூட்டுக்காரரு உங்க நாட்டுலதானுங்க போர் போடறாரு. நாலு நாளாக் காச்சலுங்க. அங்க பக்கத்துல நம்மூரு வண்டி இல்லீங்க. யாராச்சும் போய்ப் பாப்பாங்களா?"

நான் சொல்லி முடிக்கிறேன். கிரேஸ் ஊர்ப் பெயரைக் கேட்டுக்கொண்டு போனை எடுக்கிறார். கென்யாவில் அவர்கள் மையத்துக்கு இன்னும் கட்டடம் இல்லை. எங்களுக்கு டீ வருவதற்குள் அங்கே அவரைப் பார்க்க ஒருவர் கிளம்பிவிடுகிறார்.