சந்தனப் பொட்டு வைத்த பென்டிரைவ்

சங்கரேஸ்வரிக்கு முகத்தை முறித்துப் பேச வராது. அவளுக்கு இருக்கிற ஒரே வியாதி அதுதான் என்று அவள் புருஷன் மாரிக்கண்ணன் சொல்வான். அவன் வாஷி மார்க்கெட்டில் வெங்காய லாரிகளுக்கு முன்னால் நின்றுகொண்டு நாள் முழுக்க ஊராரின் முகத்தை முறிக்கிறவன். ஆகவே அந்த விஷயத்தில் அவன் பேச்சை நம்பலாம்.

மும்பை தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில், ஒற்றை அறையும் பரணுமாக அவர்கள் வீடு. பரணுக்குக் கீழே பழைய சுங்குடிச் சேலை போர்த்திய கம்ப்யூட்டர். அதுதான் அவள் பிழைப்பு. எம்பிராய்டரி மெஷின் ஒரு பூவைத் தைக்க வேண்டுமானால், ஊசி எங்கே இறங்கணும், எந்தப் பக்கம் ஓடணும், எங்கே நூலை அறுக்கணும் என்று யாராவது அதற்குச் சொல்லித் தர வேண்டும். கம்ப்யூட்டரில் தையல் தையலாக வரைந்து அப்படிச் சொல்லித் தரும் வேலைக்குப் பஞ்சிங் என்று பெயர். எட்டு வருஷமாக அவள் செய்த பூக்களையெல்லாம் ஒரே ஃபோல்டரில் போட்டு அதற்குத் 'தோட்டம்' என்று பெயர் வைத்திருந்தாள். தாழம்பூ, அரளி, மனோரஞ்சிதம், யாரும் சேலையில் போட நினைக்காத பூசணிப்பூகூட அதில் இருந்தது. ஒரு துளசிச் செடி வைக்க இடமில்லாத சந்தில் அவளுக்கு வாய்த்த தோட்டம் அது.

பட்டறைக்காரர்கள் பென்டிரைவோடு வருவார்கள். அவள் வாங்கிச் சொருகி, டிசைனை ஏற்றிக் கொடுப்பாள். அந்தப் பென்டிரைவ் அதற்கு முன்னால் எந்தெந்தக் கம்ப்யூட்டரில் வாய் வைத்ததோ, யார் கண்டார்கள்? வாசலுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பது எப்படியோ, நீட்டிய பென்டிரைவை வாங்கிச் சொருகுவதும் அவளுக்கு அப்படித்தான்.

வருகிறவர்களில் பெரிய கை சிவனாண்டி அண்ணாச்சி. சந்து முனையில் அவர் பட்டறை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வெறுங்கையோடு வந்து மெஷின் மேல் மெஷினாக வாங்கிப் போட்டவர், அதனால் மூக்கின் மேல் கொஞ்சம் கோபமும் உண்டு. ஒவ்வொரு ஆயுதபூஜை முடிந்த மறுநாளும் புதுப் பென்டிரைவ் ஒன்றைக் குங்குமப் பொட்டோடு கொண்டுவருவார். "வருஷம் பூரா நீ போடுத பூ எல்லாத்தையும் இதுல ஊத்திக்கிட்டே வா தாயி. வேண்டியத நான் பறிச்சுக்கிடுதேன்" என்பார். பழைய பென்டிரைவ் எங்கே போகிறது என்று அவள் கேட்டதில்லை.

போன ஆயுதபூஜைக்குப் பிறகு கொஞ்ச நாளில்தான் அந்தச் சங்கடம் நடந்தது. மாரிக்கண்ணன் யாரிடமோ கேட்டு, கம்ப்யூட்டரில் நல்ல ஆன்டிவைரஸ் ஒன்றைப் போட்டுவைத்திருந்தான். அண்ணாச்சி பென்டிரைவை நீட்டினார். சங்கரேஸ்வரி சொருகினாள். அவ்வளவுதான், திரை முழுக்கச் சிவப்புக் கட்டம், கூடவே ஆம்புலன்ஸ் மாதிரி ஒரு அலறல். வரிசையில் நின்ற இரண்டு பட்டறைக்காரர்களும் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன தாயி இது? திருடனப் பிடிச்ச மாதிரில்லா கத்துது!"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, இது சும்மா இப்படித்தான்" என்று அவள் அவசரமாக அந்தக் கட்டத்தை மூடினாள். ஆனால் அவர் முகம் சுண்டிப்போனதை அவள் பார்த்துவிட்டாள். அவள் போட்டு வைத்த டீயைக்கூடக் குடிக்காமல் அவர் போய்விட்டார். வீடு தேடி வந்த மனுஷனைப் பார்த்து 'உனக்குச் சொறி' என்று சொன்னது போல அவளுக்குக் கூசியது. சாயங்காலமே ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டாள். வாசலில் கட்டிய நாய் விருந்தாளியைப் பார்த்துக் குரைக்கிறது என்று நாயை விற்றுவிட்ட கதைதான். நம் ஜனங்களைத் தவிர வேறு யாருக்கு இது தோன்றும்?

மழைக்காலம் வந்தது. வாஷியில் துணி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் டிசைன் பார்க்கும் மாலதி என்கிற அம்மாள், எங்கோ ஒரு குர்த்தாவில் அந்தப் பூசணிப்பூவைப் பார்த்துவிட்டு, விசாரித்து விசாரித்து சங்கரேஸ்வரிக்குப் போன் செய்தாள். "கணபதி விசர்ஜன் முடிஞ்சதும் உங்க பூவெல்லாம் எடுத்துட்டு வாங்க. பிடிச்சிருந்தா வருஷம் பூரா உங்களுக்கே வேலை." இதுவரை அவள் போட்ட பூக்கள் எல்லாம் பட்டறைகளின் பேரில்தான் வெளியே போயின. 'உங்க பூ' என்று ஒருத்தர் சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

விநாயகர் சதுர்த்திக்குக் கணபதி வைப்பதற்கு முந்தின வாரம், காலையில் குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். தோட்டத்தைத் திறந்தாள். ஒரு பூகூட இல்லை. எல்லாம் வெள்ளைத் தாளாக, பெயருக்குப் பின்னால் என்னவோ வாயில் நுழையாத எழுத்துகளோடு கிடந்தன. எதைத் தட்டினாலும் திறக்கவில்லை. நடுவில் இங்கிலீஷில் ஒரு கட்டம். உன் ஃபைல்களை எல்லாம் பூட்டிவிட்டோம், பணம் கட்டினால் சாவி தருவோம் என்று எந்தத் தேசத்திலோ உட்கார்ந்திருக்கும் ஒரு புண்ணியவான் எழுதியிருந்தான்.

மாரிக்கண்ணன் படித்துச் சொன்னான்.

"தாச்சணியம் தனநாசம்னு சும்மாவா சொன்னாங்க" என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "சரி, அழாத. மாட்டுங்காவுல தமிழ்செல்வன் கடைக்குக் கொண்டு போவோம். டென்ஷன் ஆகாத."

டாக்ஸியில் கம்ப்யூட்டர் பெட்டியைச் சுங்குடிச் சேலையில் சுற்றி, காய்ச்சல் வந்த பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு போனாள். தமிழ்செல்வன் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த நடுவயதுக்காரர், கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர். பெட்டியை மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பணம் மட்டும் கட்டிடாதீங்க. கட்டினாலும் திறந்து கொடுப்பான்னு ஒரு நிச்சயமும் இல்லை. இதைச் சுத்தமா அழிச்சுட்டுப் புதுசாத்தான் போடணும். வேற எங்கயாவது இதையெல்லாம் எடுத்து வச்சிருக்கீங்களா?"

"இல்ல சார்."

"ஆன்டிவைரஸ் இல்லையா?"

"இருந்துச்சு. நாந்தான் நிறுத்தி வச்சேன்." குரல் இறங்கிப்போயிற்று. "வாரவங்க மனசு நோகுதுன்னு."

தமிழ்செல்வன் சிரிக்கவில்லை. "பென்டிரைவ்ல வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நீங்க யாருக்காவது ஏத்திக் கொடுத்த பழைய பென்டிரைவ், கொஞ்ச காலமா எதுலயும் சொருகாம சும்மா கிடக்கிறது இருந்தா தேடிப் பாருங்க. அது தப்பிச்சிருக்கும்" என்றார்.

பழைய பென்டிரைவை யார் வைத்திருக்கப்போகிறார்கள்? பக்கத்துச் சந்தில் மெஷின் போட்டிருக்கும் ஆஸியா அக்காளிடம் கேட்டாள். அக்காள் வீட்டையே தலைகீழாகக் கவிழ்த்துத் தேடியும் நேற்றுவரை ஊரெல்லாம் சுற்றிய ஒன்றுதான் கிடைத்தது. வெறுங்கையோடு திரும்பி வரும்போது, அண்ணாச்சி பட்டறையின் சாமி ஸ்டாண்டுக்குக் கீழே மினுக்கு பல்பு எரிவது கண்ணில் பட்டது. சட்டென்று போன ஆயுதபூஜை ஞாபகம் வந்தது. பொரியும் கடலையும் வாங்கப் போயிருந்தாள். கத்தரிக்கோல், ஊசிப் பெட்டி, எண்ணெய்க் குப்பி, இவற்றோடு ஒரு பென்டிரைவும் சந்தனப் பொட்டோடு வாழையிலையில் உட்கார்ந்திருந்தது. சோறு போட்ட சாமானைக் குப்பையில் போடுகிற மனுஷனா அவர்?

போய்க் கேட்டுவிடலாம். ஆனால் எதற்கு என்று கேட்பாரே? எதைச் சொல்லக் கூசி அந்த நாயின் வாயைக் கட்டினாளோ, அதையே இப்போது அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியாக வேண்டும். அந்தச் சந்து முனையில் சங்கரேஸ்வரி மழையில் நின்ற நேரத்தில் அரை கிளாஸ் கட்டிங் சாயா ஒன்றைக் குடித்து முடித்திருக்கலாம். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மெஷின்கள் ஓடிய சத்தத்தில் அவள் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணாச்சிக்குக் காது சிவந்தது.

"அப்போ எம் பென்டிரைவுதான் ஒங் கம்ப்யூட்டரக் கெடுத்துச்சுன்னு சொல்லுத?"

"யாருதுன்னு எனக்குத் தெரியாது அண்ணாச்சி. ஒங்களுதா இருக்கலாம். ஆஸியா அக்காளுதா இருக்கலாம். ஆனா ஒங்களுதுல அன்னைக்கு நோய் இருந்துச்சு. அது கத்துனது நெசம். நாந்தான் சும்மான்னு பொய் சொன்னேன்."

வேலை செய்கிறவர்கள் கை நின்றது. அவள் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி வராது என்று அவளுக்குத் தெரியும்.

"சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தா குளிக்காம வீட்டுக்குள்ள காலெடுத்து வைப்பியளா? குளிச்சிட்டு வாங்கன்னு சொன்னா கோவிப்பியளா? அத நான் அன்னைக்கே ஒங்ககிட்டச் சொல்லியிருக்கணும். சொல்லாம இருந்தது மருவாதின்னு நெனச்சேன். அதுல என் தோட்டமே போச்சு அண்ணாச்சி."

சொல்லி முடித்ததும் அழுதுவிட்டாள். அண்ணாச்சி போய் ஒவ்வொரு மெஷினாக நிறுத்தினார். பட்டறை அமைதியானதும் மழைச் சத்தம் கேட்டது. ஸ்டூலைப் போட்டு ஏறி, சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கினார். வேட்டி நுனியால் தூசியைத் துடைத்து அவள் கையில் கொடுத்தார்.

"வருஷம் பூரா கஞ்சி ஊத்துனதுல்லா. தூரப் போட மனசு வரல. என்னத்துக்கு வச்சிருக்கோம்னு நானே சமயத்துல நெனைப்பேன்."

டப்பாவுக்குள் காய்ந்த சாமந்திக்கு நடுவே, வருஷத்துக்கு ஒன்றாக, சந்தனமும் குங்குமமும் அப்பிய பென்டிரைவுகள் படுத்துக் கிடந்தன.

மறுநாள் மாட்டுங்காவில் தமிழ்செல்வன் பழைய பல்துலக்கும் பிரஷால் சந்தனத்தைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். "இருபது வருஷமா கம்ப்யூட்டர் பாக்கறேன். பேக்கப்புக்குப் பொட்டு வச்சு இப்பத்தான் பாக்கறேன்" என்றார். நெட் இல்லாத ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றையும் சொருகி, நோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகே திறந்தார். முதலில் தாழம்பூ வந்தது. அடுத்து அரளி. பூசணிப்பூ திரையில் விரிந்தபோது சங்கரேஸ்வரி கடை என்றும் பாராமல் கையெடுத்துக் கும்பிட்டாள். ஒரு பென்டிரைவ் மட்டும் கடைசிவரை வாய் திறக்கவில்லை. அந்த வருஷத்துப் பூக்களும், இன்னும் டப்பாவுக்கு வராத இந்த வருஷத்துப் பூக்களும் போனது போனதுதான், அதில் அவளுக்குப் பிரியமான மனோரஞ்சிதமும் ஒன்று. ஆனாலும் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

கணபதியைக் கடலில் கரைக்கும் விசர்ஜன் கழிந்து வாஷிக்குப் போனாள். குர்லாவில் மாறி ஹார்பர் லைன் ரயிலில் மான்குர்த் தாண்டிப் பாலத்தில் போகும்போது, பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். மாலதி பூக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், பூசணிப்பூவில் நின்றாள். கடைசியில், "எங்க கம்பெனிக்கு ஃபைல் அனுப்பறவங்க கம்ப்யூட்டர் பத்திரமா இருக்கணும். நீங்க என்ன செய்யறீங்க?" என்று கேட்டாள்.

ஒரு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் சங்கரேஸ்வரி பல்லைக் காட்டியிருப்பாள். இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள். வெளியிலிருந்து வரும் பென்டிரைவ் எதுவும் அவள் கம்ப்யூட்டரைத் தொடாது. தமிழ்செல்வன் கடையிலிருந்து வாங்கிய அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர் வாசலோரம் இருக்கிறது, முதலில் அதில்தான் பரிசோதனை. ஆன்டிவைரஸ் ஓய்வதில்லை, புதுப்பிக்கச் சொன்னால் அன்றைக்கே புதுப்பிக்கிறாள். வாரா வாரம் தோட்டத்தை ஒரு தனி டிஸ்கில் எடுத்து, வயரைக் கழற்றி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிடுகிறாள்.

"சாமி படத்துக்குப் பின்னாலயா?"

"அங்க யாரும் கைய வைக்க மாட்டாங்க மேடம்."

மாலதி சிரித்துவிட்டாள். அந்த வாரமே வேலை வந்தது.

ஆயுதபூஜை முடிந்த மறுநாள், வாசலில் நாலு பேர் காத்திருக்கும்போது சிவனாண்டி அண்ணாச்சி வந்தார். கையில் குங்குமப் பொட்டோடு புதுப் பென்டிரைவ். பட்டறைக் கம்ப்யூட்டரில் ஒரு தடவை சொருகிவிட்டுத்தான் கொண்டுவந்திருந்தார் போலிருக்கிறது. அவரே குனிந்து வாசல் கம்ப்யூட்டரில் சொருகினார். திரை சிவந்தது, ஆம்புலன்ஸ் அலறியது. நாலு பேரும் திரும்பினார்கள். சங்கரேஸ்வரிக்குப் பழைய வழக்கத்தில் 'ஒண்ணுமில்ல அண்ணாச்சி' என்று வாய்வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினாள்.

"அண்ணாச்சி, ஒங்களுதுல நோய் இருக்கு."

அவர் அந்த நாலு பேரையும் ஒரு முறை முறைத்தார். பிறகு வாசற்படியில் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"என்ன பாக்கிய? அது குளிச்சிட்டு வரட்டும், நான் இருக்கேன். ஏ தாயி, அன்னைக்கு நான் குடிக்காமப் போன டீயையும் சேத்து ரெண்டாப் போடு."