எண்ணெய் படாத முழுக்கு

வெள்ளிதோறும் மதுரையிலிருந்து ராஜபாளையத்துக்கு வரும் நரம்பு டாக்டர், அக்காவைக் கைகளை நீட்டச் சொன்னார். விரல்கள் நடுங்கின. நடுக்கம் என்றும் சொல்ல முடியாது. சின்னச் சின்ன உதறல். இருபது வருடமாக, ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் கட்டுத்துணி மடித்து அடுக்கும் வேலையில் ஒரு மடிப்புப் பிசகாத விரல்கள்.

எங்கள் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. நடுக்குவாதம் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை என்று கூட்டினார்கள், பிறகும் கூட்டினார்கள். கூட்டக் கூடப் பிதற்றல்தான் கூடிற்று. கடைசியில் சுவரைப் பார்த்து யார் யாரோடோ பேசிக்கொண்டே அம்மா போய்ச் சேர்ந்தாள். அக்காவுக்கு வேறு பயம் கிடையாது. நமக்கும் அதுதானோ என்ற ஒன்றைத் தவிர.

"வெளிய பாக்க எல்லா நடுக்கமும் ஒண்ணு போலத்தாம்மா இருக்கும்" என்றார் டாக்டர். "மூளையோட அலைய எடுத்துப் பாப்போம்."

ஈ.ஈ.ஜி. எடுக்கும் பெண் சீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அடுத்த வெள்ளி தலைக்குக் குளிச்சிட்டு வாங்கம்மா."

அந்த வெள்ளி, ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறும்போதே அக்கா மேல் நல்லெண்ணெயும் சீயக்காயும் மணத்தன. அந்தப் பெண் முடியைப் பிரித்து விரலை வைத்தாள். வைத்த விரலை வெளிச்சத்தில் பார்த்தாள்.

"தலைக்குக் குளிச்சிட்டு வாங்கன்னு சொன்னேன்ல?"

"குளிச்சிட்டுத்தானே வாரேன். விடியுமுன்ன எண்ணெ வச்சு, ஊறவிட்டு, சீயக்கா போட்டு... எம்புட்டு முடி, பாத்தியா?"

"எண்ணெப் பிசுக்குல வயரு ஒட்டாதும்மா. ஷாம்பு போட்டு அலசணும். எண்ணெயே ஆகாது."

அக்கா முகம் சுண்டிப் போயிற்று. எங்கள் வீட்டில் எண்ணெய் தொடாமல் தலை முழுகுவது ஒன்றுக்குத்தான், எழவு வீட்டுக்குப் போய் வந்தால்.

"ஏலே, வெள்ளிக்கிழமையும் அதுவுமா, யாரும் சாகாம எப்பிடிலே முழுகுறது?"

"ஒருத்தர் செத்தாத்தான் முழுகுவியாக்கும்? எனக்கு இப்ப தோதுப்படாது" என்றேன்.

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல" என்றாள். சிரிக்கவில்லை.

எதிர்க் கடையில் ஷாம்பு வாங்கி வந்தேன். ஆஸ்பத்திரிப் பின்கட்டுக் குழாயடியில் அவள் குனிந்து நிற்க, நான் ஊற்றினேன். நுரை வழிந்து ஓடிற்று. அம்மாவை எடுத்த அன்றைக்கும் இப்படித்தான் குனிந்து நின்றாள்.

ஃபேனுக்கடியில் முடி காய ஒரு மணி நேரம். பிறகு தலையெல்லாம் வயர், முன்கையிலும் வயர். "கைய நீட்டி அப்பிடியே வைங்கம்மா." திரையில் கோடுகள் ஓடின, இடறின, மறுபடி ஓடின. எதில் அக்கா இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

சாயங்காலம் டாக்டர் கூப்பிட்டார். கையின் ஒரு துடிப்பை மட்டும் பார்த்தால் தெரியாதாம். பல துடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கம்ப்யூட்டர் கூட்டிப் பார்த்ததில், கை துடிப்பதற்கு ஒரு கண்ணிமைப்புக்கும் குறைவான நேரம் முன்னால் மூளையின் மேற்பரப்பில் ஒரு முள் எழும்புகிறது.

"நடுக்குவாதத்துல இந்த முள்ளு வராது. இது வேறம்மா. வலிப்புக்குக் குடுக்கிற மாத்திரைக்கே நல்லாக் கட்டுப்படும்."

நான் அப்போதுதான் மூச்சு விட்டேன். அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையும் உதறிற்று.

"இது சில குடும்பங்கள்ல தொடர்ந்து வரும். உங்க வீட்ல வேற யாருக்காவது உண்டா?"

அக்காவின் கை இறங்கியது. "அப்ப எங்க அம்மாவுக்கு?"

"அவங்களுக்கு இது மாதிரி எடுத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப சொல்ல முடியாதும்மா." அவர் சீட்டில் மாத்திரை எழுத ஆரம்பித்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மாத்திரைக் கவர் மடியில் சலசலத்துக்கொண்டே வந்தது.

"மாத்திரைய வேண்டாம் வேண்டாம்னு அம்மா துப்புவாளே, ஞாபகம் இருக்கா? நாந்தான் மூக்கப் பிடிச்சு வாயில போடுவேன். மூணு வேளையும்."

"நமக்கு என்னக்கா தெரியும்?"

"அவளுக்குத் தெரிஞ்சிருக்குலே."

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து எல்லோரும் இறங்கினார்கள். அக்கா இறங்கவில்லை. எண்ணெய் படாத முடியைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார்.